"கவர்ச்சி" என்ற சொல்லை ஓர் ஆசிரியையைப் பற்றி எழுதலாமா?

கேள்வி
எழுதியவர்: மலர்த்தொகுப்பு

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர் அரசு மேல்நிலைப் பள்ளியில் நெடுங்காலம் தமிழ் கற்பித்த ஆசிரியை ஒருவர் இந்த ஆண்டு பணி நிறைவு பெறுகிறார். அதையொட்டி முன்னாள் மாணவர்கள் சேர்ந்து ஒரு மலர் கொண்டுவருகிறோம். வந்த கட்டுரைகளுள் ஒன்றில் மாணவி ஒருவர், "அம்மாவின் கவர்ச்சியான பேச்சும் கவர்ச்சியான ஆளுமையும் எங்களை வகுப்பறையில் கட்டிப்போட்டன" என்று எழுதியிருக்கிறார். இந்தத் தொடரை அப்படியே அச்சிடலாமா என்பதில் தொகுப்புக் குழு இரண்டாகப் பிரிந்து நிற்கிறது.

குழுவில் மூத்தவரான ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், அது நல்ல தமிழ்ச் சொல் என்றும், தேவாரம் இறைவனையே "உள்ளங்கவர் கள்வன்" என்று பாடியிருக்க, சினிமாச் சுவரொட்டிக்கு அஞ்சி நாம் ஒரு சொல்லைக் கைவிடக் கூடாது என்றும் சொல்கிறார். இளையவர்களோ, மேடையில் அந்த வரியைப் படித்தால் அரங்கின் பின்வரிசையில் சிரிப்பு எழும் என்றும், அந்தச் சங்கடம் எழுதிய மாணவிக்கு அல்லாமல் ஆசிரியைக்கே போய்ச் சேரும் என்றும் சொல்கிறார்கள். இரண்டிலும் நியாயம் இருப்பதாகவே எனக்குப் படுகிறது.

நான் அறிய விரும்புவது இதுதான். இந்தச் சொல்லின் பொருள் உண்மையில் என்ன? அன்றாடப் பேச்சிலும் எழுத்திலும் அது எங்கே இயல்பாக அமைகிறது, எங்கே உறுத்துகிறது? "கவர்ச்சிமிக்க தலைவர்" என்று எழுதினால் எவரும் புருவம் உயர்த்துவதில்லை. "கவர்ச்சியான ஆசிரியை" என்றால் மட்டும் ஏன் நெளிகிறோம்?

மறுமொழி 1
எழுதியவர்: நடைப்பார்வை

வணக்கம். இதழ்களுக்கும் பதிப்பகங்களுக்கும் மெய்ப்புத் திருத்துவது என் தொழில் என்பதால் இந்தச் சொல்லோடு அடிக்கடி மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது. முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன்: அந்தத் தொடரில் உள்ள இரண்டு "கவர்ச்சியான" என்பதையும் எடுத்துவிடுங்கள், ஆனால் "கவர்" என்ற வினையை எடுக்க வேண்டாம். "அம்மாவின் பேச்சு எங்களைக் கவர்ந்து வகுப்பறையில் கட்டிப்போட்டது" என்று எழுதிப் படித்துப் பாருங்கள். எந்த வரிசையிலிருந்தும் சிரிப்பு எழாது.

வினைக்கும் பெயரடைக்கும் இடையே இப்படி ஒரு பிளவு ஏற்பட்டிருப்பதுதான் இந்தச் சொல்லில் கவனிக்க வேண்டிய செய்தி. "மனத்தைக் கவரும் இசை", "கண்ணைக் கவரும் கோலம்", "என் கவனத்தைக் கவர்ந்தது", "உங்களைக் கவர்ந்த ஆசிரியர் யார்" என்பவையெல்லாம் நாள்தோறும் புழங்குபவை. பள்ளிச் சிறுவன் முதல் நீதிபதி வரை எவரைப் பற்றியும் சொல்லத் தக்கவை. காரணம், "கவர்" செயப்படுபொருள் குன்றா வினை. எதை, யாரை என்ற கேள்விக்கு அது விடை சொல்லியே ஆக வேண்டும். "என்னைக் கவர்ந்தார்" என்று எழுதும்போது நான் என் மனநிலையைத்தான் சொல்கிறேன். "கவர்ச்சியான" என்று மாற்றிய உடனே அந்தச் செயப்படுபொருள் காணாமல் போய்விடுகிறது. யாருக்குக் கவர்ச்சி, எதனால் கவர்ச்சி என்பதெல்லாம் நீங்கி, அது அந்த மனிதரின் உடம்பின்மேல் ஒட்டிய பண்பாக நின்றுவிடுகிறது. விட்ட இடத்தைப் படிப்பவர் தம் பழக்கத்தைக் கொண்டு நிரப்பிக்கொள்கிறார்.

அந்தப் பழக்கத்தை உண்டாக்கியவை திரைப்படச் செய்திகள். "கவர்ச்சி நடிகை", "கவர்ச்சி நடனம்" என்று பல பத்தாண்டுகளாக எழுதி எழுதி, "கவர்ச்சி காட்டினார்" என்ற வினைத்தொடர் வரைக்கும் வந்துவிட்டார்கள். அதில் வரும் "காட்டு" என்ற வினையைக் கவனியுங்கள். பண்பாக இருந்தது காட்டப்படும் பொருளாகி, உடை எவ்வளவு குறைவு என்பதற்கான இடக்கர் அடக்கலாகிவிட்டது. "கவர்ச்சியாக நடிக்க மாட்டேன்" என்று ஒரு நடிகை பேட்டியில் சொன்னால், ரசிகரை ஈர்க்காத விதத்தில் நடிப்பேன் என்று எவரும் பொருள்கொள்வதில்லை.

பொருள்களைப் பற்றி வரும்போது நிலைமை வேறு. "கவர்ச்சியான அட்டைப்படம்", "கவர்ச்சியான தலைப்பு" என்பவற்றில் குறையில்லை. ஆனால் பணம் தொடர்பான இடங்களில் ஓர் ஐயத்தின் நிழல் விழும். "கவர்ச்சிகரமான வட்டி" என்றால் பாதிப் பேர் பணப்பையை இறுக்கிப் பிடித்துக்கொள்வார்கள். "கவர்ச்சிகரமான விளம்பரங்களைக் கண்டு ஏமாறாதீர்" என்ற எச்சரிக்கையைப் படித்துப் பழகியவர்கள் நாம். தேர்தல் நேரத்துக் "கவர்ச்சித் திட்டம்" எதிர்க்கட்சி சூட்டும் பெயரே ஒழிய, எந்தக் கட்சியும் தன் திட்டத்தைத் தானே அப்படி அழைத்துக்கொள்வதில்லை. ஆகவே சினிமாவை விலக்கிப் பார்த்தாலும் அந்தச் சொல்லுக்குள் ஒரு தூண்டில் இருக்கத்தான் செய்கிறது.

மறுமொழி 2
எழுதியவர்: பழஞ்சுவடி

நடைப்பார்வை சொன்ன அந்தத் தூண்டில் சினிமா கொண்டுவந்து செருகியதன்று. சொல் பிறந்த நாளிலிருந்தே உடன் இருப்பது. தலைமையாசிரியர் ஐயா மேற்கோள் காட்டிய தேவார வரியே அதற்குச் சான்று.

"கவர்" என்பதன் அடிப்படைப் பொருள் பறித்தல், வலிந்து கைக்கொள்ளுதல். பகைவர் நாட்டுப் பசுக்கூட்டத்தை ஓட்டிவருவதை ஆநிரை கவர்தல் என்றுதான் புறத்திணைக்கு உரை சொல்பவர்கள் எழுதுகிறார்கள்; அது வெட்சித் திணை. இராவணன் சீதையைக் கவர்ந்து சென்றான் என்றே இன்றும் கதை சொல்கிறோம். திருக்குறளின் நூறாவது குறளில், இனிய சொற்கள் இருக்கும்போது இன்னாத சொற்களைக் கூறுவது "கனியிருப்பக் காய்கவர்ந் தற்று" என்கிறார் வள்ளுவர். அங்கே காய் எவருடைய மனத்தையும் கவரவில்லை. கைதான் காயைக் கவர்கிறது. சொல்லுக்குள் அசைவு எந்தத் திசையில் ஓடியது என்பதை அந்தக் குறள் தெளிவாகக் காட்டுகிறது.

திருஞானசம்பந்தர் சீகாழியில் பாடிய முதற்பதிகத்தில் "என் உள்ளங்கவர் கள்வன்" என்று வருவது இந்தப் பொருளை மறந்து அல்ல, இந்தப் பொருளை நன்றாக அறிந்தே வருவது. கவர்தல் என்று சொன்னதோடு விடாமல் கள்வன் என்றும் சேர்க்கிறார். திருட்டு என்ற உருவகம் அங்கே உயிரோடு இருக்கிறது. உள்ளம் பறிபோனவர் தாமே முன்வந்து முறையிடுகிறார். அந்த முறையீடுதான் பக்தி. பிற்காலத்தில் உருவகம் தேய்ந்து, பறித்தல் மறைந்து, இன்பம் மட்டும் மிஞ்சியது. வடமொழியிலிருந்து வந்த மனோகரம் என்ற சொல்லும் இதே வழியில் நடந்ததே. மனத்தைக் கவர்வது, கொள்ளைகொள்வது என்பதே அதன் சொற்பொருள். இன்று நம்மில் பலருக்கு அது கல்யாண வீட்டில் வெல்லப்பாகில் புரட்டிய முறுக்காகத்தான் நினைவுக்கு வரும் என்பது வேறு கதை.

விருப்பம் என்ற பொருளும் இந்தச் சொல்லுக்குப் பழமையானதே. தொல்காப்பிய உரியியலில் "கவர்வு விருப்பாகும்" என்றொரு நூற்பா உண்டு. ஆக, பறித்தல் ஒரு பக்கமும் வேட்கை ஒரு பக்கமுமாக இரண்டும் பழைய தமிழிலேயே இருந்திருக்கின்றன. சுவரொட்டி எழுதியவர்கள் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. இருந்த ஒன்றைச் சுருக்கி ஒரே திசையில் திருப்பிவிட்டார்கள்.

வடிவத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. உணர் உணர்ச்சி ஆனதுபோல, நுகர் நுகர்ச்சி ஆனதுபோல, கவர் கவர்ச்சி ஆனது. "சி" என்ற விகுதி தொழிற்பெயரை ஆக்குவது. எனவே கவர்ச்சி என்பது முதலில் கவரும் செயலின் பெயர். கவரும் பொருளில் தங்கியிருக்கும் குணத்தின் பெயராக அது ஆனது அடுத்த படி. மெய்ப்புத் திருத்தும் நண்பர் சொன்ன பிளவு அந்தப் படியில்தான் நேர்ந்திருக்கிறது என்பது என் கருத்து. செயலாக நிற்கும் வரை அதற்கு இரண்டு தரப்பு உண்டு. குணமான பிறகு ஒரு தரப்புதான் மிஞ்சுகிறது, பார்ப்பவர் ஒளிந்துகொள்கிறார்.

நறுமணத்தைக் குறித்த "நாற்றம்" எப்படி மாறிப்போனது என்ற எடுத்துக்காட்டை இந்த இடத்தில் எல்லோரும் சொல்வார்கள். நான் அதைச் சொல்லப்போவதில்லை, ஏனெனில் அது பொருந்தாது. நாற்றம் முழுவதுமாகக் கீழிறங்கிவிட்டது. கவர்ச்சி அப்படியன்று, வினையில் மேட்டிலும் பெயரடையில் பள்ளத்திலுமாக ஒரே காலத்தில் இரண்டு இடங்களில் வாழ்கிறது.

(பின்குறிப்பாக ஒன்று: இணையத்தில் "கவர்" என்று தேடினால் மொய்க் கவரும் தலையணைக் கவரும் வந்து விழும். அது வேறு கவர். "கவர்வழி" என்பதில் வரும் கிளைத்தல் பொருளும் வேறு. மூன்றையும் ஒன்றாக்கி வேர்ச்சொல் ஆராய்ச்சி செய்பவர்களிடம் சற்று விலகியே இருங்கள்.)

மறுமொழி 3
எழுதியவர்: கரிசல்வயல்

வேளாண் விரிவாக்கப் பணியில் இருப்பவன் நான். எங்கள் துறையில் இந்தச் சொல்லுக்கு எந்தக் கூச்சமும் கிடையாது என்பதைச் சொல்லத்தான் வந்தேன். பெண் அந்துப்பூச்சி வெளியிடும் மணப்பொருளைச் செயற்கையாகச் செய்து, ஒரு சிறு குப்பியில் இட்டு, ஆண் பூச்சிகளை இழுத்துப் பிடிக்கும் கருவிக்கு "இனக்கவர்ச்சிப் பொறி" என்று பெயர். பருத்தியிலும் தக்காளியிலும் காய்ப்புழுவின் அந்துப்பூச்சி நடமாட்டத்தை அறிய எக்டருக்கு 12 பொறிகள் வைக்கச் சொல்வோம். கிராமக் கூட்டங்களில் பெண்களும் ஆண்களும் கலந்து அமர்ந்திருக்கும்போது இந்தச் சொல்லைப் பலமுறை உரக்கச் சொல்கிறோம்; எவரும் நெளிவதில்லை, எல்லோருடைய கவலையும் பொறியின் விலையில்தான் இருக்கும்.

அதே போல மஞ்சள் நிறம் வெள்ளை ஈயைக் கவரும் என்பதால் மஞ்சள் ஒட்டுப்பொறி, சோளக் குருத்து ஈயைக் கவரக் கருவாட்டுப் பொறி. குருத்து ஈக்குக் கருவாட்டைவிடக் கவர்ச்சியானது வேறில்லை என்று நாங்கள் சிரிப்பில்லாமலே சொல்வோம்.

வேதியியல் பாடநூல்களிலும் மூலக்கூறுகளுக்கு இடையிலான "கவர்ச்சி விசை" என்றுதான் வருகிறது. அறிவியலில் எது எதைக் கவர்கிறது என்பதை இரண்டு பக்கமும் குறிப்பிட்டே ஆக வேண்டும். எதிர்மின்னூட்டத்தை நேர்மின்னூட்டம் கவரும், அவ்வளவுதான். பழஞ்சுவடி ஐயா சொன்ன "இரண்டு தரப்பு" என்பது இதற்கும் பொருந்துகிறது. இருபுறமும் வெளிப்படையாக இருந்தால் அந்தச் சொல் தூய்மையாகவே இருக்கிறது.

கேட்டவரின் குறிப்பு
எழுதியவர்: மலர்த்தொகுப்பு

அனைவருக்கும் நன்றி. வினையாக மாற்றுவது என்ற யோசனையைக் குழுவில் வைக்கிறேன். ஆனால் "கவர்ச்சியான ஆளுமை" என்று அந்த மாணவி சொல்ல வந்த பண்பு ஒன்று இருக்கிறதல்லவா? வகுப்பறைக்குள் நுழைந்த உடனே எல்லோரும் நிமிர்ந்து உட்காரும்படி செய்யும் ஒன்று. அதை வினையால் மட்டும் சொல்லிவிட முடியுமா? வசீகரம், ஈர்ப்பு, களை, இலட்சணம் என்று குழுவில் ஆளுக்கொரு சொல்லைச் சொல்கிறார்கள். இவற்றுள் எது பொருந்தும்?

மறுமொழி 4
எழுதியவர்: தஞ்சைத்திண்ணை

தம்பி, நீங்கள் அடுக்கிய நான்கும் நான்கு வெவ்வேறு பொருள்கள். ஒன்றின் இடத்தில் ஒன்றை வைக்க முடியாது.

வசீகரம் உங்களுக்குப் பொருந்தும். குரலுக்கும் சிரிப்புக்கும் பேச்சுக்கும் அது இயல்பாகச் சேரும். "வசீகரமான குரல்" என்று ஆணைப் பற்றியும் பெண்ணைப் பற்றியும் எந்த வயதினரைப் பற்றியும் சொல்லலாம். இதில் ஒரு வேடிக்கை உண்டு. வசீகரம் என்றால் வசப்படுத்துதல். வசிய மை, வசிய மருந்து என்கிறோமே, அந்த வசியமும் அதே வேரில் வந்ததுதான். தேவாரத்தில் இறைவனுக்கு உரியதாக நின்ற சொல் சுவரொட்டிக்குப் போய்விட, மாந்திரீகக்காரரின் பையில் இருந்த சொல் கண்ணியமான சபைகளில் வந்து உட்கார்ந்துவிட்டது. சொற்களின் ஏற்ற இறக்கத்துக்குப் பிறப்பிடத்தின் பெருமை எந்த விதத்திலும் உதவாது என்பதால்தான், "இது நல்ல தமிழ்ச்சொல்" என்ற தலைமையாசிரியரின் வாதம் உண்மையாக இருந்தும் வேலைக்கு ஆகவில்லை.

ஈர்ப்பைப் பொறுத்தவரை, "ஈர்க்கும் பேச்சு", "ஈர்ப்பான நடை" என்பவை சரி. "அவர்மேல் ஓர் ஈர்ப்பு ஏற்பட்டது" என்று எழுதிவிடாதீர்கள். அது காதல் கதையின் இரண்டாம் அத்தியாயம்.

களை என்பது வேறு உலகம். அது முகத்தில் தங்கும் பொலிவு. மூக்கு நீளமா, நிறம் என்ன என்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை. நோயிலிருந்து எழுந்தவரைப் பார்த்து "இப்போதுதான் முகத்தில் களை வந்திருக்கிறது" என்போம், தாலி கட்டிக்கொள்ளப்போகும் பெண்ணைப் பார்த்துக் "கல்யாணக் களை வந்துவிட்டது" என்போம். முகத்தில் இருப்பதோடு நில்லாமல் ஊருக்கும் பரவும் சொல் அது. தேரோட்டத்தன்று தெருவெல்லாம் களைகட்டிவிடும். மழை பிடித்துக்கொண்டால் திருவிழா களையிழந்துவிடும். எனக்கு மிகவும் பிடித்த சொல் இது. ஆனால் ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. "கறுப்பாக இருந்தாலும் களையான முகம்" என்று பெண் பார்த்துவிட்டு வந்து சொல்வார்களே, அந்த "இருந்தாலும்" என்பதில் நம் வீடுகளின் முழுக் கணக்கும் அடங்கியிருக்கிறது. களை என்ற நல்ல சொல்லை நிறத்துக்கு இழப்பீடாகக் கொடுக்கும் அந்தப் பழக்கம் என்று ஒழியுமோ தெரியவில்லை.

இலட்சணம் என்றால் அடையாளம், இருக்க வேண்டிய அங்க அமைப்பு. "மூக்கும் முழியுமாக இலட்சணமான பெண்" என்பது பெரியவர்கள் வாயில் அடிக்கடி வரும் பாராட்டு. அதையே சற்றுக் குரல் மாற்றிச் சொன்னால் வசையாகிவிடும். "நீ படிக்கிற இலட்சணம் தெரியாதா?", "சாலை போட்ட இலட்சணத்தைப் பாருங்கள்" என்பவை நாம் நாள்தோறும் கேட்பவை. பேச்சில் "லட்சணம்" என்று வரும்போது பெரும்பாலும் இந்தக் கேலிதான் முன்னால் நிற்கிறது. ஆசிரியைக்கான மலரில் அது வேண்டாம்.

இவற்றைத் தவிர உங்கள் குழு மறந்த சொற்கள் சில உண்டு. எடுப்பு என்பது பார்த்த உடனே தனியாகத் தெரிவது. எடுப்பான மூக்கு, எடுப்பான நிறத்தில் புடவை. பாந்தம் அதற்கு நேர் எதிர். தனியாகத் தெரியாமல் சூழலோடு ஒத்துப்போய் அழகாவது. பதவிசு நடத்தையில் இருக்கும் மென்மை. ஐம்பது வயதுக்குக் கீழே உள்ளவர்கள் இந்தச் சொல்லைச் சொல்லிக் கேட்பது அரிதாகிவிட்டது. கம்பீரம் குரலிலும் நடையிலும் இருப்பது. அதை ஆண்களுக்கே உரியதாக ஆக்கி வைத்திருக்கிறோமே தவிர, சொல்லில் அப்படி எந்த எல்லையும் இல்லை. வகுப்பறையில் நுழைந்ததும் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள் என்றால், அந்த ஆசிரியையிடம் இருந்தது கம்பீரம்தான். நான் அறிந்த தமிழாசிரியைகள் பலரிடம் அது இருந்தது. தயங்காமல் எழுதுங்கள்.

மறுமொழி 5
எழுதியவர்: யாழ்வாசி

வணக்கம். எங்கள் பக்கத்து வழக்கையும் சேர்த்துக்கொள்வீர்கள் என்ற எண்ணத்தில் எழுதுகிறேன். யாழ்ப்பாணத்தில் இந்த இடங்கள் பலவற்றில் "வடிவு" என்ற சொல்லே நிற்கும். "வடிவான பிள்ளை", "சீலை வடிவாயிருக்கு", "வீடு வடிவாய்க் கட்டியிருக்கினம்" என்று ஆளுக்கும் பொருளுக்கும் வேறுபாடில்லாமல் சொல்வோம். தமிழ்நாட்டில் வடிவு என்றால் உருவம் என்ற பொருளே எழுத்தில் பெரிதும் தங்கியிருக்கிறது. அழகு என்ற பொருள் வடிவு, வடிவாம்பாள் என்ற பெயர்களிலும், திருவொற்றியூர் வடிவுடையம்மன் பெயரிலும் பத்திரமாக இருக்கிறது.

எங்கள் வழக்கில் அந்தச் சொல் கண்ணுக்கு அப்பாலும் போய்விட்டது. "வடிவாய்ச் சொல்லுங்கோ" என்றால் அழகாகச் சொல்லுங்கள் என்பதோடு, விளக்கமாக, ஒழுங்காகச் சொல்லுங்கள் என்றும் பொருள். "வடிவாய்ப் பார்த்தனீங்களோ?" என்று கேட்டால் நன்றாகக் கவனித்துப் பார்த்தீர்களா என்று கேட்பதாகும். "எனக்கு வடிவாய்த் தெரியாது" என்றால் திட்டமாகத் தெரியாது என்பது பொருள். முதல் தடவை இதைக் கேட்ட சென்னை நண்பர் ஒருவர், தெரியாமல் இருப்பதில் என்ன அழகு என்று கேட்டார்.

"கவர்ச்சி" எங்களிடமும் எழுத்துச் சொல்தான். வீட்டுப் பேச்சில் வராது. தென்னிந்தியச் சினிமா இதழ்களை நாங்களும் படித்து வளர்ந்தவர்கள் என்பதால் உங்கள் பின்வரிசைச் சிரிப்பு எங்கள் மண்டபங்களிலும் எழும். ஆசிரியை ஒருவரைப் பாராட்டும்போது நாங்கள் "வடிவாய்ப் படிப்பிப்பா" என்று சொல்வோம். அதற்கு மேல் ஒரு பாராட்டு எங்கள் ஊரில் தேவைப்படாது.

மறுமொழி 6
எழுதியவர்: நூலகத்தோழி

எல்லோரும் சொல்லின் பக்கமிருந்தே பேசுகிறீர்கள். கேட்டவரின் கடைசிக் கேள்விக்கு, அதாவது தலைவருக்குப் பொருந்துவது ஆசிரியைக்கு ஏன் பொருந்தவில்லை என்பதற்கு, இன்னும் எவரும் நேராக விடை சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன்.

ஆண் தலைவரைப் பற்றிக் "கவர்ச்சி" என்று எழுதும்போது அது ஒரு கலைச்சொல்லாக வருகிறது. சமூகவியலாளர் மாக்ஸ் வெபர் அதிகாரத்தை மூன்றாகப் பகுத்தார். மரபினால் வருவது ஒன்று, சட்டத்தினால் வருவது ஒன்று, தனி மனிதரின் அசாதாரண ஆற்றலில் மக்கள் வைக்கும் நம்பிக்கையால் வருவது ஒன்று. இந்த மூன்றாவதைத் தமிழில் எழுதியவர்கள் கவர்ச்சி என்ற சொல்லைக் கையாண்டார்கள். அரசியல் கட்டுரைகளின் வழியாக அது நாளிதழ்களுக்கும் வந்தது. அங்கே கவரப்படுவோர் மக்கள் என்பது சொல்லாமலே விளங்குகிறது. ஆகவே செயப்படுபொருள் மறைந்தாலும் ஆண் தலைவருக்குக் கேடு நேர்வதில்லை. பெண்ணைப் பற்றி எழுதும்போது மறைந்த அந்த இடத்தில் வந்து உட்காருபவர் வேறு ஒருவர். அதே நாளிதழின் அரசியல் பக்கத்திலும் திரைப்பக்கத்திலும் ஒரே சொல் இரண்டு பொருளில் வருவது இதனால்தான்.

இதற்குத் தீர்வாகச் சிலர், பெண்களைப் பற்றி நல்ல பொருளில் அந்தச் சொல்லைத் தொடர்ந்து எழுதி அதை மீட்டெடுக்க வேண்டும் என்கிறார்கள். நோக்கத்தை மதிக்கிறேன், ஆனால் அந்தச் சோதனைக்கு ஓர் ஆசிரியையின் பணிநிறைவு மலரைக் களமாக்குவதை ஏற்க மாட்டேன். மீட்கும் பொறுப்பைச் சுமக்க வேண்டியவர் அந்த அம்மையார் அல்லர். திரைப்பக்கம் எழுதுபவர்கள் "கவர்ச்சி காட்டினார்" என்பதை நிறுத்தினால், சில ஆண்டுகளில் சொல் தானே தேறிவிடும். அவர்கள் நிறுத்தும்வரை நாம் நடைப்பார்வை சொன்னபடி வினையை வைத்துக்கொள்வதே சரி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். திருத்தத்தைக் குழுவே செய்துவிடாமல், அந்த மாணவியிடம் ஒரு தொலைபேசி அழைப்பில் கேட்டுவிடுங்கள். "ஆளுமை" என்ற சொல்லும் இப்போது எல்லா மலர்களிலும் எல்லோர்மீதும் போர்த்தப்படும் பொன்னாடையாகிவிட்டது. அந்தப் பேச்சில் எது தன்னைக் கவர்ந்தது என்று அவரிடம் கேட்டால், செய்யுளை ஓதிய குரலையோ பிழை திருத்திய விதத்தையோ அவர் சொல்லக்கூடும். அந்த இரண்டு வரிகளை வாங்கி, பெயரடை எதுவும் சேர்க்காமல் அச்சிடுங்கள்.